மேயர் ஐயாவை எந்தக் கிழமை பார்க்கலாம்?

இலங்கையின் மலைநாட்டில் ஒரு சின்ன நகர சபையின் முன் மேசையில் பதினொரு வருடம் உட்கார்ந்திருந்தவன் நான். ஊர்ப் பெயர் வேண்டாம், சொன்னால் அடுத்த கிழமையே யாராவது வீட்டு வாசலுக்கு வந்து சண்டை பிடிப்பார்கள். அந்த மேசைக்கு வந்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும், ஓய்வு பெற்ற பிறகும் பஸ்ஸில், கோயிலில், செத்த வீட்டில் என்னிடம் கேட்கிற கேள்விகளையும் இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

அவர் மேயரா, தவிசாளரா?

சட்டப்படி மாநகர சபைக்குத்தான் மேயர். மலைநாட்டில் கண்டி, மாத்தளை, நுவரெலியா, பதுளை, பண்டாரவளை ஆகிய ஊர்களில் மாநகர சபை உண்டு. ஹட்டன்–டிக்கோயா, தலவாக்கலை–லிந்துலை, அப்புத்தளை, நாவலப்பிட்டி போன்றவை நகர சபைகள். அங்கே தலைமை நாற்காலியில் இருப்பவர் தவிசாளர். மஸ்கெலியா, நோர்வூட், கொட்டகலை, அக்கரப்பத்தனை ஆகியவை பிரதேச சபைகள், அங்கேயும் தவிசாளர்தான்.

எங்களுடையது நகர சபை. ஆனால் சந்தையில் மரக்கறி விற்கிற அக்காவிலிருந்து ஆட்டோ தரிப்பிடத்துத் தம்பி வரை எல்லோருக்கும் அவர் "மேயர் ஐயா". முதலில் நானும் திருத்திப் பார்த்தேன், பிறகு விட்டுவிட்டேன். இந்தப் பக்கத்திலும் மேயர் என்றே எழுதுகிறேன்.

ஒரு கிழமை முழுக்க அவர் என்னதான் செய்கிறார்?

ஒரு மாசி மாதத்துக் கிழமையைச் சொல்கிறேன், கிட்டத்தட்ட எல்லாக் கிழமையும் அப்படித்தான்.

திங்கள் காலை ஆறு மணிக்கு அவர் அலுவலகத்தில் இருக்க மாட்டார், ட்ரக்டர் நிறுத்துகிற கொட்டகையில் இருப்பார். பனி விலகியிருக்காது. சுத்திகரிப்புத் தொழிலாளர்கள் பிளேன்டீ கையில் வைத்துக்கொண்டு நிற்பார்கள். ஞாயிறு சந்தைக்கு மறுநாள் என்பதால் அன்றைக்குத்தான் குப்பை அதிகம்: கோவா இலை, லீக்ஸ் வேர், வாழைத்தண்டு, ஈரத்தில் ஊறிய காட்போட் பெட்டி. இரண்டு ட்ரக்டரில் ஒன்று ஸ்டார்ட் ஆகாது. சாரதி மேயரைப் பார்ப்பார், மேயர் தொழில்நுட்ப உத்தியோகத்தரைப் பார்ப்பார், அவர் வானத்தைப் பார்ப்பார். பிறகு நாலு பேர் சேர்ந்து தள்ளுவார்கள். மேயரும் ஒரு கை கொடுப்பார், அவருடைய சப்பாத்தில் சேறு ஒட்டும். அந்தச் சப்பாத்தோடுதான் ஒன்பது மணிக்கு பிரதேச செயலகக் கூட்டத்துக்குப் போவார்.

செவ்வாய் கையெழுத்து நாள். கொடுப்பனவு வவுச்சர், உரிமம், நூலகத்துக்குப் பத்திரிகை வாங்கிய பில், தெருவிளக்குக்குப் பல்ப் வாங்கிய பில். செயலாளர் ஒவ்வொன்றாகத் தள்ளுவார், மேயர் ஒவ்வொன்றையும் வாசிப்பார். வாசிக்காமல் போடுகிறவர்களும் இருந்தார்கள், அவர்கள் கதை கணக்காய்வு வரும்போது தெரியும்.

புதன் மக்கள் நாள். அதைத் தனியாகச் சொல்ல வேண்டும், கீழே வருகிறது.

வியாழன் நிலையியற் குழுக்கள், அல்லது மாதத்தில் ஒரு முறை சபை அமர்வு. வெள்ளி வெளிக்களம்: கான் (வடிகால்) உடைந்த இடம், மதில் சரிந்த இடம், "என் காணிக்குள் சபை பைப் போகிறது" என்று ஒருவர் ஆறு மாதமாக எழுதிய இடம். சனியும் ஞாயிறும் விடுமுறை என்று நாட்காட்டியில் இருக்கும். அவருடைய டயரியில் அந்த இரண்டு நாளுக்குத்தான் அதிகம் எழுதியிருக்கும், எல்லாம் விழாக்கள்.

புதன்கிழமை வந்தால் என்ன கொண்டுவர வேண்டும்?

எங்கள் சபையில் புதன், உங்கள் சபையில் வேறு நாளாக இருக்கலாம். வருவதற்கு முன் ஒரு கோல் எடுத்துக் கேளுங்கள்.

கொண்டுவர வேண்டியதை ஒரு சம்பவத்தால் சொல்கிறேன். ஒரு புதன் காலை வரிசையில் இருபது பேருக்கு மேல். நாலாவதாக நின்றவர் கட்சி ஆள். நல்ல சேர்ட், கையில் மூன்று பக்க டைப் அடித்த கடிதம்: நகரமே இருளில் மூழ்கிக் கிடக்கிறது, உடனடி நடவடிக்கை தேவை, இன்ன பிற. மேயர் வாங்கி வைத்துக்கொண்டார். அடுத்து ஒரு வயசான அம்மா. தேயிலைக் கொழுந்து நிறுத்த துண்டின் பின்பக்கத்தில் பேரப்பிள்ளையை விட்டு எழுதிய ஒரே வரி: ஒரு மின்கம்பத்தின் இலக்கம்.

"என்னம்மா இது?"

"இந்தக் கம்பத்துல லைட் எரியலைங்க ஐயா. பேத்தி டியூஷன் விட்டு வர்ற பாதை."

"எத்தனை நாளா?"

"தைப்பொங்கலுக்கு எரிஞ்சிச்சு."

மேயர் அந்தத் துண்டையே மின் வேலை செய்கிறவரிடம் கொடுத்தார். வெள்ளிக்கிழமை விளக்கு எரிந்தது. மூன்று பக்கக் கடிதம் கோப்புக்குப் போனது. அதில் எந்தக் கம்பம் என்று யாருக்கும் தெரியவில்லை.

கம்பம் மின்சாரம் வழங்குகிறவர்களுடையது, அதில் தொங்கும் தெருவிளக்கு உள்ளூராட்சி சபையுடையது. கம்பத்தில் இலக்கம் இருக்கும், அதை எழுதி வாருங்கள். கான் என்றால் எந்தக் கடைக்கு முன், பாதை என்றால் எந்த வளைவு என்று எழுதுங்கள். போட்டோ இருந்தால் இன்னும் நல்லது. முறைப்பாட்டைக் கொடுத்துவிட்டுப் பதிவு இலக்கம் வாங்காமல் போகாதீர்கள்.

எது அவர் கையில் இருக்கிறது, எது இல்லை?

புதன்கிழமை வருகிறவர்களில் பாதிப்பேர் தப்பான கதவைத் தட்டுகிறார்கள். அது அவர்கள் குற்றமில்லை. தேர்தல் நேரத்தில் எல்லாவற்றையும் செய்து தருவதாகச் சொன்னால் ஜனம் எல்லாவற்றுக்கும்தான் வரும்.

சபையின் கையில் இருப்பது: குப்பை, கான், தெருவிளக்கு, சபைக்குரிய சிறு வீதிகள், பொதுச் சந்தை, மலசலகூடம், மயானம், பூங்கா, பொது நூலகம், கட்டட அனுமதி, வியாபார உரிமம். சில இடங்களில் குடிநீர், முன்பள்ளி.

அஸ்வெசும (அரசாங்க உதவிப் பணம்) பட்டியலில் பெயர் இல்லையா? அது பிரதேச செயலகம், அரசாங்க அலுவலகம், பிரதேச சபை இல்லை. பிறப்பு, இறப்புச் சான்றிதழும் அங்கேதான். ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை, பள்ளிக்கூடத்தில் கணித ஆசிரியர் இல்லை, பொலிஸ் முறைப்பாட்டை எடுக்கவில்லை, இதில் எதுவும் சபையுடையது இல்லை. நடுத்தெருவில் குழி இருந்தால்கூட முதலில் அது யாருடைய தெரு என்று பார்க்க வேண்டும். அவிசாவளையிலிருந்து ஹட்டன் வழியாக நுவரெலியாவுக்குப் போகிற ஏ–7, பேராதனையிலிருந்து பதுளை வழியாகப் போகிற ஏ–5 எல்லாம் வீதி அபிவிருத்தி அதிகார சபையினுடையவை. அதில் சபை ஒரு சட்டி தார் ஊற்றினாலும் கணக்காய்வாளர் கேட்பார்.

அப்போது மேயர் என்ன செய்வார்? கடிதம் எழுதுவார். உண்மையில் ஒரு மேயரின் கிழமையில் பெரும்பகுதி மற்றக் கந்தோர்களுக்குக் கடிதம் எழுதுவதிலும், அந்தக் கடிதம் எங்கே நிற்கிறது என்று கோல் எடுத்துக் கேட்பதிலும்தான் போகிறது. நல்ல மேயர் யார் என்று என்னைக் கேட்டால், இரண்டாவது கோல் எடுக்கிறவர் என்பேன்.

நான் தோட்டத்தில் இருக்கிறேன். எங்கள் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) வரும் பாதையை அவர் போட்டுத் தருவாரா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் பதில் சொல்லியிருக்கிறேன், அதிகம் கூனிக்குறுகியதும் இதற்குத்தான்.

முதலில் எல்லை. நகர சபையின் எல்லை பெரும்பாலும் கடைவீதியைத் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் முடிந்துவிடும். அதற்கு அப்பால் தேயிலை தொடங்குகிறது, அது பிரதேச சபையின் பகுதி. டவுனில் சாமான் வாங்குவது, பிள்ளை படிப்பது, பஸ் ஏறுவது எல்லாம் எங்கள் எல்லைக்குள், ஆனால் நித்திரை கொள்வது வேறு சபையின் எல்லையில். ஆகவே முதலில் உங்கள் பிரதேச சபை எது என்று கிராம சேவகரிடம் கேளுங்கள். நுவரெலியா, அம்பகமுவ என்று முன்பு பெரிய இரண்டு பிரதேச சபைகள் இருந்தன. 2018 தேர்தலோடு அவை ஆறாகின: நுவரெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை, அம்பகமுவ, மஸ்கெலியா, நோர்வூட்.

சரி, பிரதேச சபைக்குப் போனால் செய்வார்களா? முன்பு "சட்டம் விடாது" என்று அனுப்பிவிடுவார்கள். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை தன் காசைச் செலவழிப்பதற்குத் தடையாக இருந்தது. தோட்டம் கம்பனியின் பொறுப்பு, பாதை தோட்டத்துப் பாதை என்பார்கள். தோட்டத்து மக்களின் வாக்கில் வந்த உறுப்பினரே தன் வீட்டு வாசலுக்கு ஒரு லோட் கல் போட முடியாமல் இருந்த காலம் அது. 2018இல் சட்டம் திருத்தப்பட்டது. இப்போது தோட்டக் குடியிருப்புகளுக்கும் பிரதேச சபை சேவை செய்யலாம்.

"செய்யலாம்" என்பதைக் கவனியுங்கள். தோட்டத்தில் சோலைவரி வருமானம் பெரிதாக இல்லை, அதனால் காசு குறைவு. காணி தோட்ட நிர்வாகத்தின் கையில் இருப்பதால் பல வேலைகளுக்குத் துரையின் (தோட்ட முகாமையாளரின்) சம்மதக் கடிதமும் கேட்பார்கள். அந்தக் கடிதத்தை நீங்களே வாங்கி, பிரேரணையோடு இணைத்து, உங்கள் வட்டார உறுப்பினர் கையில் கொடுத்தால் வேலை நகரும். சும்மா போய் "பாதை வேண்டும்" என்றால் கடிதப் போக்குவரத்திலேயே ஒரு வருடம் ஓடிவிடும்.

சோலைவரி கட்டி எனக்கு என்ன லாபம்?

மதிப்பீட்டு வரியைத்தான் ஊரில் சோலைவரி என்கிறோம். காலாண்டுக்கு ஒரு முறை கட்டுவது. ஒரு வருடத்துக்குரியதை ஜனவரி 31க்கு முன் மொத்தமாகக் கட்டினால் 10 வீதம் கழிவு. காலாண்டுத் தொகையை அந்தக் காலாண்டின் முதல் மாதத்தில் கட்டினால் 5 வீதம். ஜனவரி கடைசிக் கிழமை முழுக்க என் மேசைக்கு முன் வரிசை படி இறங்கித் தெருவரை போகும். மற்றப் பதினொரு மாதமும் நான் பத்திரிகை வாசித்தேன் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

லாபம் என்ன என்றால், மேலே சொன்ன ட்ரக்டரும் பல்ப்பும்தான். சந்தைக் கடை வாடகை, வாகனத் தரிப்பிடக் கட்டணம், உரிமக் கட்டணம், மாகாண சபை வழியாக வரும் முத்திரைத் தீர்வை, நீதிமன்றத் தண்டப்பணம் இவையும் சபைக்கு வருமானம். பற்றுச்சீட்டைக் கவனமாக வையுங்கள். வீடு விற்கும்போது தேடுவீர்கள்.

நடைபாதையில் கடை போட அவரிடம் அனுமதி கேட்கலாமா?

கேட்கலாம், கிடைக்காது. ஆனால் தீபாவளிக்கு முன் பத்து நாள், ஏப்ரல் புத்தாண்டுக்கு முன் பத்து நாள் தற்காலிக இடம் ஒதுக்குவார்கள், அதற்கு அறிவித்தல் ஒட்டப்படும். மற்ற நாளில் நடைபாதையை விடச் சொல்லி நிரந்தரக் கடைக்காரர்கள் ஒரு பக்கம், "பிழைப்பைக் கெடுக்காதீங்க ஐயா" என்று நடைபாதைக்காரர்கள் மறுபக்கம். தோட்டத்தில் சம்பளம் போட்ட கையோடு வருகிற ஞாயிற்றுக்கிழமை இரண்டு பக்கமும் மேயர் வீட்டுக்கே வரும்.

விழா என்றால் உடனே வருகிறார். கான் என்றால் ஏன் வருவதில்லை?

நியாயமான கேள்வி. ஆனால் அவர் வரவில்லை என்றால் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். மாரியம்மன் கோயில் தேர், பன்சலையில் (பௌத்த விகாரையில்) பிங்கம, பள்ளிவாசலில் மீலாத், தேவாலயத்துக் கரோல், பள்ளிக்கூட இல்ல விளையாட்டுப் போட்டி, தோட்டத்து இளைஞர்களின் சொஃப்ட்போல் கிரிக்கெட் இறுதி ஆட்டம். ஒன்றுக்குப் போய் மற்றதற்குப் போகாவிட்டால் அது மூன்று வருடம் பேசப்படும். நான்கு சமூகமும் ஒரே கடைவீதியில் இருக்கிற ஊர் இது.

அந்த மாசிக் கிழமையின் சனிக்கிழமை அவர் டயரியில் இருந்தது: காலை விளையாட்டுப் போட்டி, மதியம் ஒரு செத்த வீடு, மாலை முதியோர் சங்கக் கூட்டம், இரவு மேற்பிரிவுத் தோட்டத்தில் காமன் கூத்து. விளையாட்டுப் போட்டியில் மைதானத்தை மூடிப் பனி. நூறு மீற்றர் ஓட்டத்தில் தொடக்கக் கோடு தெரிந்தது, முடிவுக் கோடு தெரியவில்லை. பிள்ளைகள் புகைக்குள் ஓடி மறைந்தார்கள், பிறகு கைதட்டல் மட்டும் கேட்டது. மேயர் குத்துவிளக்கு ஏற்றப் போனார். காற்றில் ஐந்து திரியில் மூன்று அணைந்தது. அதிபர் தன் கோட்டை விரித்து மறைவு பிடிக்க, இன்னொரு தடவை ஏற்றினார்.

இரவு காமன் கூத்து. மன்மதனை எரிக்கும் காட்சிக்கு விடிய நேரமாகும், அதுவரை பாட்டும் தப்பு மேளமும் போகும். மேயர் பத்து மணிக்குப் பொன்னாடை வாங்கிக்கொண்டு கிளம்பலாம் என்று பார்த்தார். ரதி வேசம் கட்டியிருந்த பையன் மேடையிலிருந்து இறங்கி வந்து, "ஐயா, எரிக்கிற வரைக்கும் இருக்கணும், போன முறை வந்தவரு பாதியில போயிட்டாரு" என்றான். சேலை கட்டி, பூ வைத்து, உதட்டுச் சாயத்தோடு நிற்கிற பிள்ளையிடம் முடியாது என்று எப்படிச் சொல்வது? இருந்தார். அந்த இரவு, கூத்து நடந்த இடத்துக்கு ஏறும் பாதையில் பாதிப் படி உடைந்திருப்பதைக் கண்ணால் பார்த்தார். அது எங்கள் எல்லை இல்லை. திங்கள் காலை பிரதேச சபைத் தவிசாளருக்கு முதல் கோல் அதுதான்.

பொன்னாடைகளுக்கு என்ன ஆகும் என்றும் கேட்பார்கள். அலுமாரி நிறைந்ததும் முதியோர் இல்லத்துக்கு அனுப்புவோம். அங்கே குளிருக்கு இரண்டு மூன்றாகப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், ஆளுக்கு ஒரு அமைச்சர் மாதிரி.

வீடு கட்ட அனுமதி கேட்டால் ஏன் இத்தனை இழுபறி?

சபை மட்டும் பார்த்தால் போதாது. மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரையும் வேண்டும். சரிவை வெட்டி மதில் கட்டப் போகிறீர்கள் என்றால் அது இல்லாமல் தொடங்கவே வேண்டாம். "என் தாத்தா காலத்திலிருந்து இந்த மேடு அசையவில்லை" என்று ஒருவர் என் மேசையில் கையால் அடித்துச் சொன்னார். கொஸ்லந்த மீரியாபெத்தையிலும் லயங்கள் பல தலைமுறையாக நின்றன. 2014 ஒக்டோபர் 29 காலை மலை இறங்கியது. அதற்குப் பிறகு அந்த வாதத்துக்கு நான் பதில் சொல்வதில்லை, படிவத்தை மட்டும் நீட்டுவேன்.

கடும் மழை நாளில் யாரைக் கூப்பிடுவது?

மேயரைக் கூப்பிடுங்கள், ஆனால் முதலில் அவரை இல்லை. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. கிராம சேவகருக்கும் சொல்லுங்கள், ஆட்களை வெளியேற்றுவது பிரதேச செயலகத்தின் வேலை. சபை செய்வது மண்டபத்தைத் திறந்துவிடுவது, பெக்கோ (மண் அள்ளும் இயந்திரம்) அனுப்புவது, கானில் அடைத்த மரத்தை வெட்டுவது, பவுசரில் தண்ணீர் கொடுப்பது.

ஒன்றை மனதில் வையுங்கள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும், 100 தாண்டினால் வெளியேறத் தயாராக வேண்டும், 150 தாண்டினால் இடத்தை விட வேண்டும். இரவில் அறிவித்தல் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். சுவரில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கி வரும் ஊற்று, இதில் ஒன்றைக் கண்டாலே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கிளம்புங்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழை கொட்டியபோது மலைநாட்டில் பாதைகளும் மின்சாரமும் போனும் ஒன்றாகப் போயின. அன்றைக்கு 117ஐ அழுத்தினாலும் சிக்னல் இல்லாத இடங்களில் பக்கத்து லயத்துக்காரர் தகரத்தில் தட்டிய சத்தம்தான் அறிவித்தல்.

சபை அமர்வை நாங்கள் பார்க்கலாமா?

எங்கள் சபையில் பின்வரிசையில் பார்வையாளர் நாற்காலி உண்டு, பெரும்பாலும் காலியாக இருக்கும். டிசம்பரில் வரவு செலவுத் திட்டம் வரும்போது மட்டும் நிறையும், ஏனென்றால் அன்றைக்குத் தேத்தண்ணீரோடு ரோல்ஸும் உண்டு. அதோடு ஒரு விறுவிறுப்பும் உண்டு: வரவு செலவுத் திட்டம் இரண்டு தடவை தோற்று நாற்காலியை இழந்தவர்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள். 25 வீதம் பெண் உறுப்பினர் என்ற ஏற்பாடு 2018 தேர்தலிலிருந்து வந்தபிறகு மலசலகூடம், தாய்மார் பஸ்ஸுக்கு நிற்கிற இடம், முன்பள்ளி எல்லாம் அடிக்கடி அமர்வில் எழும்புகின்றன. முன்பு அவை "ஏனைய விடயங்கள்" என்ற கடைசி வரியில் இருந்தன.

வர முடியாவிட்டால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தகவல் உத்தியோகத்தருக்கு எழுதுங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும்.

கடிதத்தைத் தமிழில் எழுதலாமா?

எழுதுங்கள். 1987இல் வந்த 13ஆம் திருத்தத்தோடு தமிழும் ஆட்சிமொழி. சிங்களத்தில் எழுதினால்தான் வேலை நடக்கும் என்று யாரோ சொல்லி, டைப் அடிக்கிற கடையில் முந்நூறு ரூபாய் கொடுத்துத் தனக்கே புரியாத கடிதத்தோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதில் கம்பத்தின் இலக்கம் தப்பாக இருந்தது.

2023க்கும் 2025க்கும் இடையில் சபையில் யாருமே இல்லையே?

2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்தது. தேர்தல் தள்ளிப் போய், 2025 மே 6ஆம் திகதிதான் நடந்தது. இடையில் இரண்டு வருடத்துக்கு மேல் செயலாளர்களும் ஆணையாளர்களும் நடத்தினார்கள். கந்தோர் மூடவில்லை, குப்பையும் எடுத்தார்கள். ஆனால் திட்டுவதற்கு ஆள் இல்லாமல் ஜனம் கஷ்டப்பட்டது. புதுச் சபை வந்த முதல் புதன்கிழமை வரிசை சந்தைவரை போனதாக என் இடத்தில் இப்போது இருக்கிற பிள்ளை சொன்னாள்.

அவருக்குச் சம்பளம் எவ்வளவு?

சம்பளம் இல்லை, மாதாந்தக் கொடுப்பனவு. மாலையும் மொய்யும் வாங்கினாலே அதில் பாதி போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாமா?

போகாதீர்கள் என்று சொன்னால் கேட்கவா போகிறீர்கள்? காலை பத்து மணிக்குப் பிறகு போங்கள். கதவைத் திறப்பது அவருடைய மனைவி. "அவர் குளிக்கிறார்" என்பார், அது உண்மையாகவும் இருக்கலாம். விறாந்தையில் இரண்டு வாங்கு போட்டிருக்கிறது, மேசையில் ஒரு கொப்பியும் நூலில் கட்டிய பேனையும் இருக்கும். பெயர், விலாசம், விடயம் என்று மூன்று கோடு. அதில் எழுதிவிட்டு வாருங்கள். திங்கள் காலை அந்தக் கொப்பி அலுவலகத்துக்கு வரும். கம்பத்தின் இலக்கத்தையும் எழுத மறக்க வேண்டாம்.